மூன்றில் ஒரு பங்கு ஆரஞ்சு: ஒரு பக்கம் சாய்ந்த குயில்ட்

நிகழ்வு ஆய்வு

எடுத்துக்கொண்ட வேலை

சுவரில் மாட்டுவதற்கென்று தைக்கப்பட்ட ஒரு குயில்ட், அதாவது துணித் துண்டுகளை இணைத்து, நடுவே பஞ்சு வைத்துத் தைக்கும் விரிப்பு. அகலம் 48 அங்குலம், உயரம் 60 அங்குலம். 12 அங்குலச் சதுர பிளாக்குகள் (துண்டுகளைச் சேர்த்துத் தைத்த கட்டங்கள்) மொத்தம் 20. குறுக்கே நான்கு, நெடுக்கே ஐந்து. எல்லாமே 'லாக் கேபின்' வகை. நடுவில் 2 அங்குலச் சதுரம், அதைச் சுற்றி 1 அங்குல அகலப் பட்டைகள் ஐந்து சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் அடுத்தடுத்த இரண்டு பக்கங்களுக்கு லைட் நிறம், மற்ற இரண்டு பக்கங்களுக்கு டார்க் நிறம். அதனால் முடிந்த பிளாக் மூலைக்கு மூலை பிரிந்து பாதி வெளிச்சம், பாதி நிழல் என்று நிற்கும். பிளாக்கை எந்தப் பக்கம் திருப்பி வைக்கிறோம் என்பதைப் பொறுத்து அந்த நிழல்கள் சேர்ந்து சாய்கோடாகவோ வைரமாகவோ மாறும். லாக் கேபினின் முழு அழகும் இந்தத் திருப்பலில்தான் இருக்கிறது.

தைத்தவர் என் தோழி. பல வருடங்களாகத் துணிக்கலை செய்பவர். தையலில் குறை சொல்ல இடமே கிடையாது. அவர் எடுத்த நிறத்திட்டம் நீலமும் ஆரஞ்சும். நிறங்களை வட்டமாக அடுக்கிக் காட்டும் நிறச் சக்கரத்தில் நேர் எதிரே நிற்கும் ஜோடி. கீழே வலது மூலையில் மூண்ட தீ இடப்பக்கமாகச் சாய்ந்து ஏறி, மேலே போய் அடங்குவதுபோல இருக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். 20 பிளாக்குகளின் மையச் சதுரமும் ஆரஞ்சு. 13 பிளாக்குகளில் லைட் பக்கம் முழுக்க அதே ஆரஞ்சு. மீதி 7-இல் லைட் பக்கம் வெளிர் நீலங்கள். டார்க் பக்கம் எல்லாவற்றிலும் நேவி (கருநீலம்), இண்டிகோ (அவுரி நீலம்), கொஞ்சம் நீலச் சாம்பல். 13 ஆரஞ்சு பிளாக்குகளில் 9 வலப் பாதியில் இருந்தன.

நான் பார்த்தபோது பிளாக்குகள் தைத்து முடிந்திருந்தன, இணைக்கவில்லை. ஃப்ளானல் துணி போர்த்திய சுவரில் ஊசி குத்தி வரிசையாக நிறுத்தியிருந்தார். அவர் சொன்ன புகார் இது: "ஒவ்வொண்ணா பார்த்தா நல்லா இருக்கு. சேர்த்துப் பார்த்தா வலது பக்கம் சரியுது. இடது மேல் மூலைல அழுக்குப் படிஞ்ச மாதிரி இருக்கு. ஆனா கணக்குப்படிதான் எல்லாம் போட்டிருக்கேன்."

கணக்கு என்று அவர் சொன்னதிலிருந்தே தொடங்கலாம் என்று தோன்றியது.

அந்தக் கணக்கு

ஜெர்மனியின் பாஹவுஸ் கலைப் பள்ளியில் 1919 முதல் 1923 வரை பாடம் நடத்திய ஸ்விட்சர்லாந்து ஓவியர் யோஹன்னஸ் இட்டன், ஜெர்மானியக் கவிஞர் கதேயின் பெயரால் ஒரு எண் வரிசையை எடுத்துக்காட்டுவார். மஞ்சள் 9, ஆரஞ்சு 8, சிவப்பு 6, பச்சை 6, நீலம் 4, ஊதா 3. இவை அந்தந்த நிறத்தின் ஒளி மதிப்பு. ஒளி அதிகமுள்ள நிறத்துக்குக் குறைந்த இடம், ஒளி குறைந்த நிறத்துக்கு அதிக இடம் கொடுத்தால் இரண்டும் சமநிலைக்கு வரும் என்பது இதன் சாரம். ஆரஞ்சு 8, நீலம் 4 என்றால் இடத்தைத் தலைகீழாகப் பிரிக்க வேண்டும்: ஆரஞ்சு ஒரு பங்கு, நீலம் இரண்டு பங்கு.

தோழி இதை அப்படியே பின்பற்றியிருந்தார். சரிபார்க்கலாமே என்று கணக்குப் போட்டேன். ஒரு பிளாக் 144 சதுர அங்குலம். அதில் மையம் 4. லைட் பட்டைகளின் நீளத்தைக் கூட்டினால் 65, டார்க் பட்டைகளின் நீளத்தைக் கூட்டினால் 75. (சமமாக இருக்கும் என்றுதான் எல்லோரும் நினைப்போம். லாக் கேபினில் எந்த நிறத்தில் சுற்றைத் தொடங்குகிறோமோ அந்த நிறம் எப்போதும் சிறுத்துப்போகும். பிறகு வரும் பட்டைகள் நீளமாகிக்கொண்டே போவதுதான் காரணம். இந்தப் 10 சதுர அங்குலத்துக்குப் பின்னால் வேலை வரும்.) 13 பிளாக்குகளின் ஆரஞ்சு 845, 20 மையங்கள் 80, ஆக 925 சதுர அங்குலம். மொத்தப் பரப்பு 2,880. கிட்டத்தட்ட 32 விழுக்காடு. மூன்றில் ஒரு பங்கு என்பது சரியாகவே வந்திருக்கிறது.

கணக்கு சரி, குயில்ட் சரியில்லை. அப்படியென்றால் கணக்கு எதற்காகப் போடப்பட்டது என்று பார்க்க வேண்டும். இட்டனின் எண்கள் சக்கரத்தில் இருக்கும் முழுச் செறிவுள்ள தூய நிறங்களுக்கு உரியவை. தோழியின் ஆரஞ்சு அப்படிப்பட்டது. சாயத்தில் துளி கலப்பு இல்லை. அவருடைய நீலங்களோ அப்படி இல்லை. நேவி என்பது நீலத்தில் கறுப்பைக் கரைத்தது. நீலச் சாம்பல் பெயரளவில்தான் நீலம். முழு பலத்தோடு நிற்கும் ஒரு நிறத்தையும் பாதி பலம் கழிந்த இன்னொரு நிறத்தையும் எதிரெதிரே வைத்துவிட்டு, இரண்டும் முழு பலத்தில் இருப்பதுபோல இடம் பிரித்துக் கொடுத்திருந்தார்.

இந்த இடத்தில் அமெரிக்க ஓவியரும் ஆசிரியருமான ஆல்பர்ட் மன்செல் உதவுகிறார். 1905-இல் அவர் வெளியிட்ட முறையில் ஒவ்வொரு நிறத்துக்கும் மூன்று விஷயங்களைக் குறிப்பார்கள்: அது எந்த நிறம், எவ்வளவு லைட் அல்லது டார்க், எவ்வளவு செறிவு. லைட்–டார்க் அளவு 0 முதல் 10 வரை. 0 கறுப்பு, 10 வெள்ளை. லைட் அளவும் செறிவும் கூடக்கூட அந்த நிறத்துக்கு இடத்தைக் குறைக்க வேண்டும் என்பது அவர் சொன்ன சமநிலை. இரண்டு எண்களையும் பெருக்கி, அந்தப் பெருக்கலுக்குத் தலைகீழாக இடம் பிரிக்கலாம்.

நிற அட்டைகளோடு துணிகளை ஒட்டி வைத்துப் பார்த்தோம். ஆரஞ்சுக்கு லைட் அளவு 6, செறிவு 12 என்று வைக்கலாம், பெருக்கினால் 72. நேவிக்கு 3, 4, பெருக்கினால் 12. ஆறுக்கு ஒன்று. ஆக ஏழில் ஒரு பங்குதான் ஆரஞ்சுக்குத் தகும். 2,880-இல் சுமார் 411 சதுர அங்குலம், அதாவது 14 விழுக்காடு. தோழி வைத்திருந்தது அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல்.

இந்தப் பெருக்கல் கணக்கையும் வேதவாக்காக எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. கண்ணால் ஒட்டிப் பார்த்துச் சொன்ன எண்கள், அரை எண் கூடலாம், குறையலாம். ஆனால் 32 எங்கே, 14 எங்கே? அந்த இடைவெளி மதிப்பீட்டுப் பிழையில் அடங்காது.

கறுப்பு வெள்ளைப் படம் காட்டியதும் காட்டாததும்

குயில்ட் தைப்பவர்களிடம் பழக்கமான ஒரு சோதனை உண்டு. கைப்பேசியில் படமெடுத்து நிறத்தை நீக்கிப் பார்ப்பார்கள். நிறம் போனதும் லைட்–டார்க் மட்டும் மிஞ்சும். கனம் எங்கே விழுகிறது என்று தெரிந்துவிடும். தோழியும் அதைச் செய்து பார்த்திருந்தார். இடது மேல் மூலையில் மங்கல் இருப்பது அதில் தெரிந்தது. ஆனால் வலது பக்கச் சரிவுக்குப் படத்தில் எந்தத் தடயமும் இல்லை. ஆரஞ்சு நடுத்தரச் சாம்பலாக, ரொம்ப நல்ல பிள்ளையாக உட்கார்ந்திருந்தது. அதனால்தான் அவர் ஆரஞ்சைச் சந்தேகிக்கவே இல்லை.

கறுப்பு வெள்ளைப் படம் செறிவைத் தூக்கி எறிந்துவிடும். கண் அப்படிச் செய்யாது. ஒரே வெளிச்ச அளவுள்ள சாம்பலையும் செறிவான நிறத்தையும் பக்கத்தில் வைத்தால், செறிவான நிறம்தான் பிரகாசமாகத் தோன்றும். இதற்கு ஹெல்ம்ஹோல்ட்ஸ்–கோல்ராஷ் விளைவு என்று பெயர். படத்தில் சாம்பலாக அடங்கிக் கிடந்த 845 சதுர அங்குலமும் நேரில் கத்திக்கொண்டிருந்ததற்கு இது ஒரு காரணம். கறுப்பு வெள்ளைப் படத்தை மட்டும் நம்பி நிறச் சமநிலையை முடிவு செய்யச் சொல்லும் அறிவுரையில் எனக்கு நம்பிக்கை இல்லாமல் போனது இப்படிப்பட்ட வேலைகளைப் பார்த்துத்தான். அது பாதிச் சோதனை. சிலர் சிவப்புக் கண்ணாடித் தாள் வழியே பார்ப்பார்கள். ஆரஞ்சு மிகுந்த வேலைக்கு அது இன்னும் மோசம்; சிவப்பு வடிகட்டி சிவப்பையும் ஆரஞ்சையும் வெளிறச் செய்துவிடும்.

சரி, இடது மேல் மூலை. அங்கே நான்கு பிளாக்குகள் தொகுப்பாக இருந்தன. அவற்றில் மூலைக்கு மூலை ஓட வேண்டிய வெளிச்ச நிழல் பிரிவு காணாமல் போயிருந்தது. துணியைக் கையில் எடுத்துப் பார்த்தால் எந்தத் தவறும் தெரியாது: லைட் பக்கத்தில் வெள்ளைத் தரையில் நேவி நிறப் பொடிப்பூக்கள், டார்க் பக்கத்தில் நேவித் தரையில் வெள்ளைப் பொடிப்புள்ளிகள். ஒன்று லைட், ஒன்று டார்க். வெட்டும் மேசையில், இரண்டடி தூரத்தில், இரண்டும் துள்ளிக்கொண்டு நிற்கும்.

பத்தடி தள்ளிப் போனால் கதை வேறு. புள்ளிகளைத் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்கும் தூரத்தைத் தாண்டியதும் கண் அவற்றைக் கலந்துவிடுகிறது. வெள்ளைத் தரை நேவியை வாங்கிக்கொண்டு நடுத்தர நீலமாகிறது. நேவித் தரை வெள்ளையை வாங்கிக்கொண்டு அதுவும் நடுத்தர நீலமாகிறது. இரண்டு பக்கமும் ஏறத்தாழ ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்துவிட்டன. தோழி சொன்ன அழுக்கு இதுதான். சுற்றிலும் இருந்த பிளாக்குகள் ஒற்றை நிறத் துணியில் தெளிவாகப் பிரிந்து நின்றதால் இந்த நான்கும் இன்னும் மோசமாகத் தெரிந்தன.

பூப்போட்ட துணியின் லைட்–டார்க் அளவை மாட்டப்போகும் தூரத்தில் நின்றுதான் முடிவு செய்ய வேண்டும். அறை சின்னதாக இருந்தால் கதவில் பொருத்தும் பார்வைக்குழல் ஒன்று போதும். அதன் வழியே பார்த்தால் எல்லாம் சிறுத்துத் தூரம் போய்விடும். கண்ணைச் சுருக்கிப் பார்ப்பதும் உதவும், ஆனால் பழக வேண்டும்.

எடையும் தூரமும்

ஆரஞ்சு அதிகம் என்பது தெரிந்துவிட்டது. அதற்காக அதை எல்லாப் பக்கமும் சமமாகப் பரப்பிவிட்டால் போதுமா? சுவரில் அப்படியும் அடுக்கிப் பார்த்தோம். ஆரஞ்சு பிளாக், நீல பிளாக், ஆரஞ்சு, நீலம் என்று முடிந்தவரை மாறி மாறி. சரிவு உடனே நின்றது. கூடவே எல்லாமே நின்றது. தீ இல்லை, ஏற்றம் இல்லை, பார்க்க எதுவும் இல்லை. சதுரங்கப் பலகையில் கண் எங்கே போகும், எதற்காகப் போகும்? படமெடுத்து வைத்துக்கொண்டு கலைத்துவிட்டோம்.

இரண்டு பக்கமும் ஒன்றாக இருந்தால்தான் சமநிலை என்று குயில்டில் ஒருபோதும் இருந்ததில்லை. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்து ஜீஸ் பெண்ட் ஊர்ப் பெண்கள் பழைய வேலை உடைகளிலிருந்து தைத்த குயில்டுகள் 2002-இல் ஹூஸ்டனிலும் பின்பு நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்திலும் காட்சிக்கு வந்தன. அவற்றில் பல, நடுக்கோடு போட்டால் இரண்டு பாதியும் ஒத்தே போகாது. நிறம் வெளுத்த ஜீன்ஸ் நீலமும் பழுப்பும் பரந்து கிடக்க, ஒரு ஓரத்தில் ஒற்றைச் சிவப்புப் பட்டை மொத்தப் பரப்பையும் தாங்கிக்கொண்டிருக்கும். அதற்கு முன்பே, 1971-இல், ஜொனாதன் ஹோல்ஸ்டைனும் கேல் வான் டெர் ஹூஃபும் சேர்த்த குயில்டுகளை அதே விட்னி அருங்காட்சியகம் ஓவியங்களைப்போல் சுவரில் தொங்கவிட்டது. படுக்கையில் விரிக்கும்போது குயில்டை நாலு பக்கமிருந்தும் பார்ப்போம். மேல், கீழ் என்பது கிடையாது. சுவரில் ஏறியதும் மேல், கீழ், இடம், வலம் எல்லாம் வந்துவிட்டன. கீழே இருக்கும் டார்க் நிறம் நிலமாகத் தெரிகிறது. அதே நிறம் மேலே போனால் தலைமேல் தொங்குகிறது. தோழியின் குயில்டில் மங்கலான நான்கு பிளாக்குகளும் தொங்கிக்கொண்டிருந்தது மேல் மூலையில்தான்.

இருபுறமும் ஒன்றாக இல்லாத அமைப்பில் சமநிலை வருவது ஏற்ற இறக்கப் பலகையில் வருவதுபோலத்தான். நடுவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்த பெரியவரை, எதிர் முனையின் கடைசியில் உட்கார்ந்த சிறு பிள்ளை தாங்கிவிடும். எனவே நாங்கள் தேடியது இடப்பக்கத்தின் தொலைவில் உட்காரக்கூடிய சிறிய, கனமான ஆரஞ்சை. அது ஏற்கெனவே அங்கே இருந்தது: மையச் சதுரங்கள்.

ஒரு மையம் வெறும் 4 சதுர அங்குலம். ஆரஞ்சு பிளாக்குக்குள் அது லைட் பட்டைகளோடு கரைந்துவிடுகிறது. மையம் என்று ஒன்று இருப்பதே தெரிவதில்லை. நீல பிளாக்கில் நாலு பக்கமும் நீலம் சூழ்ந்திருப்பதால் அதே ஆரஞ்சு பற்றி எரிகிறது. பக்கத்து நிறம் ஒரு நிறத்தை இப்படி மாற்றிக் காட்டுவதை முதலில் முறைப்படி ஆராய்ந்தவர் பிரெஞ்சு வேதியியலாளர் மிஷேல் யூஜின் ஷெவ்ரெல். பாரிசின் கோபலின் திரைச்சீலைத் தொழிற்சாலையில் சாயப் பிரிவைக் கவனித்தவர். அங்கே கறுப்பு நூல் நீல, ஊதா வேலைகளில் மங்கலாகத் தெரிகிறது என்று புகார் வந்தது. சாயத்தைச் சோதித்தால் அதில் குறையே இல்லை. பக்கத்தில் இருந்த நீலமும் ஊதாவும்தான் கறுப்பின் தோற்றத்தைக் கெடுத்தன. அதைப் பற்றிய அவர் நூல் 1839-இல் வந்தது. துணியும் நூலும் வைத்து வேலை செய்கிறவர்களின் புகாரில் பிறந்த அறிவு இது. நமக்கு வேறு யாரைவிடவும் அதிகம் பொருந்துவதில் ஆச்சரியம் இல்லை.

முதல் அமைப்பில் கண்ணில் படுகிற மையங்கள் 7-தான். ஆரஞ்சு பிளாக்குகளின் எண்ணிக்கை குறைந்தால் இந்த எண் தானாகவே கூடும். அதாவது, ஆரஞ்சைக் குறைப்பதே ஆரஞ்சைப் பரப்பும் வழியும் ஆகிறது.

செய்தவை

முதலில் தையல் பிரிக்காமல் செய்யக்கூடியதைச் செய்தோம். மங்கலான நான்கு பிளாக்குகளையும் கீழ் வரிசைக்கு இறக்கினோம். அங்கே மங்கல் ஒரு குறையே இல்லை. தீ நிற்கும் தரையாக அது வேலை செய்தது. மேலே காலியான இடங்களுக்கு ஒற்றை நிறத் துணியில் தைத்த பிளாக்குகள் போயின. பிறகு திருப்பல். வலது ஓரத்தில் இருந்த ஆரஞ்சு பிளாக்குகள் எல்லாமே தங்கள் ஆரஞ்சு பக்கத்தை வெளியே காட்டிக்கொண்டிருந்தன. அதனால் கண் அங்கே போனதும் ஓரத்தைத் தாண்டி வழுக்கி வெளியேறியது. அவற்றைத் திருப்பி, டார்க் பக்கம் வெளியேயும் ஆரஞ்சு உள்ளேயும் வருமாறு வைத்தோம். வலப்பக்கச் சரிவில் பாதி இதிலேயே தீர்ந்தது. ஒரு நூல்கூடச் செலவில்லை.

அப்புறம்தான் மாற்றுத் துணி. 13 ஆரஞ்சு பிளாக்குகளில் 6-ஐ எடுத்துவிட்டுப் புதிதாகத் தைப்பது என்று முடிவானது. லாக் கேபினில் நடுவிலுள்ள ஒரு பட்டையை மட்டும் உருவ முடியாது. வெளிச்சுற்றிலிருந்து வரிசையாகப் பிரித்துக்கொண்டே வர வேண்டும். அந்த நேரத்தில் புதிய பிளாக்கே தைத்துவிடலாம்.

அந்த ஆறுக்கும் ஆரஞ்சின் குடும்பத்திலிருந்தே இரண்டு உறவுகளைத் தேர்ந்தெடுத்தோம். நான்குக்கு வெளிர் பீச். வெள்ளை கலந்து செறிவு தணிந்த ஆரஞ்சு. இரண்டுக்குத் துரு நிறம். கறுப்பு கலந்து செறிவும் வெளிச்சமும் இறங்கிய ஆரஞ்சு. தோழிக்கு இதில் முதலில் உடன்பாடில்லை. "பீச் போட்டா குழந்தை ரூம் மாதிரி ஆயிடும்" என்றார். நியாயமான பயம்தான், பீச்சை இளநீலத்தோடு வைத்தால். நேவியோடு வைத்தால் அது வேறு ஆள். ஏறக்குறைய வெளிச்சமாகவே தெரியும். ஒரு பிளாக் தைத்து மாட்டிய பிறகு அவரே பீச்சை மேல் வரிசைக்கும் கேட்டார்.

புதிய பிளாக்குகளை டார்க் பட்டையில் தொடங்கித் தைக்கச் சொன்னேன். அப்போது லைட் பக்கம் 65-க்குப் பதில் 75 சதுர அங்குலமாகும். பீச்சுக்குச் செறிவு குறைவு, எனவே அதிக இடம் கொடுக்கலாம், கொடுக்கவும் வேண்டும். மேலும் 20 பிளாக்குகளையும் லைட்டில் தொடங்கியதால் டார்க் பக்கம் மொத்தத்தில் 200 சதுர அங்குலம் கூடியிருந்தது. அது ஒரு முழு பிளாக்கை விடப் பெரிய இடம். திட்டமிடாமல் நுழைந்த இருட்டு. அதில் கொஞ்சத்தைத் திருப்பி எடுத்தோம்.

துரு நிற பிளாக்குகள் இரண்டும் தீயின் மேல் முனையில், நீலத்துக்குள் அது அடங்கும் இடத்தில் போயின. துருவுக்கும் நேவிக்கும் லைட்–டார்க் வித்தியாசம் கொஞ்சம்தான்; பிரித்துக் காட்டுவது சூடும் குளிர்ச்சியும் மட்டுமே. தீ அணையும் இடத்துக்கு அந்த அளவு போதும் என்று நினைத்தோம். இந்த முடிவைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

நடுவில் ஒரு சின்ன வேடிக்கை. ஒரு பிளாக்குக்கு வெளிர் நீலத் துணி போதவில்லை. கலப்பில்லாத வெளிர் சாம்பல் பட்டை ஒன்றை அங்கே வைத்தோம், ஆரஞ்சுக்குப் பக்கத்தில். இரண்டடி தள்ளி நின்றால் அது வெளிர் நீலம்! ஆரஞ்சு தன் எதிர் நிறத்தைப் பக்கத்துச் சாம்பலில் ஏற்றிவிடுகிறது. ஷெவ்ரெல் சொன்னது இதையும்தான். அந்தப் பட்டை இன்றும் அங்கேதான் இருக்கிறது. நீலத் துணி வாங்கப் போகவில்லை.

இவ்வளவும் முடிந்தபோது முழு ஆரஞ்சு 7 பிளாக்குகளில் 455, மையங்கள் 80, ஆக 535 சதுர அங்குலம். சுமார் 18.6 விழுக்காடு. மன்செல் வழிக் கணக்கைவிட இன்னும் கூடுதல்தான். அதை மேலும் குறைக்கத் தோழி ஒப்பவில்லை. எனக்கும் வற்புறுத்தத் தோன்றவில்லை. தீ கொஞ்சம் மிஞ்சி நிற்கட்டும். கண்ணில் படும் மையங்கள் 7-இலிருந்து 13 ஆகியிருந்தன.

ஓரமும் நூலும்

நிறத்தைத் துணியோடு முடிந்துவிட்டதாக நினைப்பது வழக்கம். குயில்டில் அதற்குப் பிறகும் இரண்டு தடவை நிறம் மாறும்.

ஓரப் பட்டியை ஆரஞ்சில் போடுவது தோழியின் முதல் திட்டம். 48-க்கு 60 என்றால் சுற்றளவு 216 அங்குலம். முன்பக்கம் அரை அங்குலம் தெரிந்தாலும் ஏறத்தாழ 108 சதுர அங்குலம். 20 மையங்களும் சேர்ந்தே 80-தான்! இவ்வளவு பாடுபட்டுக் குறைத்த ஆரஞ்சு ஓரம் வழியாகத் திரும்ப வந்திருக்கும். அதோடு நாலு பக்கமும் செறிவான சட்டம் போட்டால் உள்ளே ஏறுகிற தீ கூண்டில் அடைபட்டதுபோல் ஆகிவிடும். நேவி என்று முடிவானது. கீழே வலது மூலையில் ஒரு சாண் நீளத்துக்கு மட்டும் துரு நிறத்தை ஒட்டுப் போட்டார். தீ சட்டத்தைத் தொடுவதுபோல இருக்கும் என்றார். எனக்கு அது தேவையில்லை என்றே பட்டது, இன்னும் படுகிறது. ஆனால் குயில்ட் அவருடையது.

நூல்தான் பெரிய ஆச்சரியம். மேல் துணி, பஞ்சு அடுக்கு, அடித்துணி மூன்றையும் சேர்த்து ஓட்டும் தையலுக்குப் பொதுவாகத் துணியோடு ஒத்துப்போகும் நூலைத் தேர்ந்தெடுப்பார்கள். வலது ஓரத்திலிருந்த இரண்டு ஆரஞ்சு பிளாக்குகள் திருப்பி வைத்த பிறகும் துருத்திக்கொண்டிருந்தன. அவற்றின் மேல் நேவி நூலால் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு இடைவெளியில் நெருக்கமாக இணைகோடுகள் ஓட்டினார். கிட்டத்தில் பார்த்தால் ஆரஞ்சின் மேல் நீலக் கோடுகள். எட்டி நின்றால் கோடுகள் கரைந்து ஆரஞ்சின் குரல் தாழ்ந்துவிடுகிறது. மேல் மூலையில் பொடிப்பூக்கள் எங்களுக்கு எதிராகச் செய்த அதே வேலையை இங்கே வேண்டுமென்றே செய்யவைத்தோம். வில்ஹெல்ம் வான் பெசோல்ட் என்ற ஜெர்மானிய வானிலை அறிஞர், கம்பள வடிவம் ஒன்றில் ஒரே ஒரு நிறத்தை மாற்றினால் மொத்தக் கம்பளமும் வேறாகத் தோன்றுவதைக் கவனித்து 1874-இல் எழுதினார். மெல்லிய கோடு தன் பக்கத்து நிறத்தைத் தன் பக்கம் இழுக்கும் என்பது அவர் பெயரால் வழங்குகிறது.

நெருக்கமான தையலுக்கு இன்னொரு விளைவும் உண்டு. பஞ்சு அழுந்தி மேடு பள்ளங்கள் உருவாகின்றன. பள்ளங்களில் நிழல் விழுந்து துணி ஒரு படி டார்க்காகத் தெரிகிறது. தையல் தளர்ந்த இடங்கள் உப்பி ஒளியைப் பிடிக்கின்றன. இதனால் பீச் பிளாக்குகளில் தையலை வேண்டுமென்றே தளர்வாக விட்டார்.

நேவி நூல் ஓட்டிய அந்த இரண்டு ஆரஞ்சு பிளாக்குகளையும் முழு ஆரஞ்சுக் கணக்கிலிருந்து கழித்தால் 405 சதுர அங்குலம் மிஞ்சுகிறது. மன்செல் வழியில் வந்தது 411. இதைச் சொன்னபோது தோழி சிரித்துவிட்டார். நாங்கள் அந்த எண்ணைக் குறிவைக்கவில்லை. பீச்சுக்கும் துருவுக்கும் உள்ள எடையை அந்தக் கணக்கில் சேர்க்கவும் இல்லை. தற்செயல் என்றே எடுத்துக்கொள்கிறேன்.

மாட்டிய பிறகு

வேலை முழுக்கப் பகல் வெளிச்சத்தில் நடந்தது. குயில்ட் போன இடமோ ஜன்னல் இல்லாத உள்சுவர். மேலே 2,700 கெல்வின் அளவில் மஞ்சள் விளக்கு (கெல்வின் என்பது இங்கே ஒளியின் நிறத்துக்கான அளவு; எண் குறையக் குறைய ஒளி மஞ்சளாகும்). அந்த ஒளியில் நீலக் கூறு குறைவு. நேவியும் இண்டிகோவும் ஒன்றாகக் கறுத்துப்போயின. ஆரஞ்சு மறுபடி பொங்கியது. வலப்பக்கச் சரிவு லேசாகத் திரும்பி வந்தது என்றே சொல்ல வேண்டும். விளக்கை 4,000 கெல்வினுக்கு, நிறங்களைச் சரியாகக் காட்டும் குறியீடு 90-க்கு மேல் உள்ளதாக மாற்றியதும் நீலங்கள் பிரிந்தன.

விளக்கை மிகவும் மங்கவைத்தால் இதற்கு நேர்மாறு நடக்கும். இருட்டத் தொடங்கும்போது கண்ணுக்குச் சிவப்பு, ஆரஞ்சு வகைகள் முதலில் மங்கி, நீலங்கள் ஒப்பீட்டில் வெளிறித் தெரியும். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செக் அறிஞர் புர்க்கின்யே கவனித்தது இது. ஆகவே மாட்டப்போகும் விளக்கு எது என்று தெரிந்தால், துணி தேர்ந்தெடுக்கும்போதே அந்த விளக்கின் கீழ் ஒரு தடவை பார்த்துவிடுவது நல்லது. எங்களுக்கு அந்தத் தகவல் கடைசியில்தான் கிடைத்தது.

மிச்சமிருக்கும் கோளாறு அந்தத் துரு நிற பிளாக்குகள். பகலில் சூட்டாலும் குளிர்ச்சியாலும் பிரிந்து நின்றவை விளக்கொளியில் நேவியோடு ஒட்டிக்கொள்கின்றன. தீ அடங்குவதற்குப் பதிலாகப் பாதியில் வெட்டுப்பட்டதுபோல் தெரிகிறது. இரண்டில் ஒன்று பரவாயில்லை, அதன் பக்கத்தில் பீச் இருக்கிறது. மற்றதை என்ன செய்வது என்று இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம். பீச் நிறத் தடித்த நூலால் துருப் பட்டைகளின் மேல் கையால் ஓட்டுத் தையல் போட்டு ஒரு படி லைட்டாக்கலாம் என்கிறார் தோழி. நேவிப் பட்டைகளின் மேல் போடுங்கள், துரு அப்படியே இருக்கட்டும் என்கிறேன் நான். ஒரு துண்டுத் துணியில் இரண்டையும் தைத்து, அந்த விளக்கின் கீழேயே ஊசி குத்திப் பார்த்துவிட்டு முடிவு செய்வதாக இருக்கிறோம்.